தோளில் வந்த வீடு

எதையும் பார்த்து வாயைப் பிளக்கிறவள் அல்ல நான். துரையின் மோட்டார் கார் முதன்முதலாகத் தோட்டத்துக்குள் வந்தபோது எல்லாரும் வேடிக்கை பார்க்க ஓடினார்கள். நான் அடுப்பில் கஞ்சி பொங்கிவிடும் என்று உள்ளேயே இருந்தேன். ஆகாயத்தில் விமானம் போகிறது என்று கழுத்தை வளைத்து நின்றவர்களிடம், அது உங்களுக்கு அரைப்படி அரிசி போடுமா, வேலையைப் பாருங்கள் என்று சொன்னவள். அப்படிப்பட்ட என்னை ஒரு காலை நேரம் ஊமையாக்கிவிட்டது. அன்று ஒரு வீடு தன் இடத்தை விட்டு எழுந்து, தென்னந்தோப்பு வழியாக என்னிடம் வந்தது. இதைச் சொன்னால் என் பேரப்பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக் கண்ணடித்துக்கொள்கிறார்கள். நான் கதை விடுகிறேன் என்று நினைப்பு. நம்பாவிட்டால் போகட்டும், எழுதி வைத்துவிடுகிறேன்.

ரப்பர் விலை விழுந்து தோட்டங்கள் படுத்துவிட்ட காலம் அது. முப்பதுகள் அப்போதுதான் பிறந்திருந்தன. மலாயாவில், பத்து பாகாட் ஊரிலிருந்து உள்ளே தள்ளி, ஆற்றை ஒட்டி இருந்தது எங்கள் தோட்டம். எங்கள் தோட்டம் என்று பழக்கதோஷத்தில் சொல்கிறேன். வெள்ளைக்காரக் கம்பெனியின் தோட்டம். அங்கே லயத்தில் பிறந்தவள் நான். ஒரே கூரையின் கீழ் வரிசையாக அறைகள், அறைக்கு ஒரு குடும்பம், வாசலை ஒட்டிச் சாக்கடை, அதுதான் லயம். என் வீட்டுக்காரர் மீசை முளைக்கும் வயதில் கப்பலேறி வந்தவர். பக்கத்துப் பக்கத்து நிரை மரங்களில் ரப்பர் பால் வெட்டினோம், பழகினோம், மாரியம்மன் சந்நிதியில் மாலை மாற்றிக்கொண்டோம். அவர் சாதி வேறு, என் சாதி வேறு. தோட்டத்தில் அதைக் கொஞ்ச நாள் மென்றார்கள். பிறகு வேறு வம்பு கிடைத்தது, எங்களை விட்டுவிட்டார்கள்.

மார்கழிக் கடைசியில் ஒரு விடியற்காலை, பெயர் கூப்பிட எல்லாரும் வரிசையில் நிற்கும்போது, தோட்டத்துக் கணக்கரான கிராணி அறிவித்தார். பாதி மரங்களைப் பால் வெட்டாமல் விடப்போகிறார்கள். வேலை போனவர்கள் லயத்தைக் காலி செய்ய வேண்டும். மாசி பிறந்ததும் லாரி வந்து துறைமுகத்துக்கு ஏற்றிப்போகும், அங்கிருந்து கப்பலில் ஊருக்கு. வெளியே சொந்தமாக இருக்க இடம் உள்ளவர்கள் மட்டும் இங்கேயே இருந்துகொள்ளலாம். அப்புறம் பெயர்களை வாசித்தார். எங்கள் இரண்டு பேருடைய பெயரும் வந்தது.

ஊருக்குப் போவதில் உனக்கு என்ன கசப்பு என்று கேட்கலாம். முதலில், அது எனக்கு ஊரே இல்லை. நான் அதன் மண்ணை மிதித்ததில்லை. இரண்டாவது, அதற்கு முந்தின வருஷம் அவருடைய ஊருக்குப் போய்த் திரும்பிய ஒருவர், அவர் அண்ணன் சொல்லி அனுப்பியதை ஒரு சொல் பிசகாமல் வந்து சொல்லியிருந்தார். தம்பி எப்போது வேண்டுமானாலும் வரட்டும், அவன் வீடு அவனுக்கு இருக்கிறது. அவளைக் கூட்டிக்கொண்டு வந்தால், வாசற்படிக்கு இந்தப் பக்கம் வரக் கூடாது, மாட்டுக் கொட்டகையில் ஒரு மூலை ஒதுக்கித் தருகிறோம். இதைச் சொன்னவர் என் வீட்டில் உட்கார்ந்து, நான் போட்ட காப்பியைக் குடித்துக்கொண்டேதான் சொன்னார். நான் டம்ளரைப் பிடுங்காமல் விட்டது என் வயிற்றில் அப்போதுதான் பிள்ளை தங்கியிருந்தது என்பதால்தான். நல்ல நேரத்தில் கோபப்படக் கூடாது என்று அடக்கிக்கொண்டேன். அந்தப் பிள்ளை நிற்கவில்லை. இப்போது மறுபடி ஏழாம் மாதம்.

என் வீட்டுக்காரர் பேச்சுக்குப் பஞ்சம் பிடித்த மனிதர். கிராணி பெயர் வாசித்த அன்றும் நானே கேட்டேன்.

"ஏங்க, என்ன பண்ணப் போறோம்?"

"பாப்போம்."

"என்னத்தப் பாக்கறது? அந்தக் கொட்டாயில என்னால இருக்க முடியாது. நீங்க போறதுன்னா போங்க. நான் இங்கயே எங்கியாவது கெடந்துக்கிறேன்."

அவர் வெளியே போய்விட்டார். மனிதர் ஊருக்கே போய்விடுவார் என்றே நினைத்தேன். ஊர் என்பது ஆண்களை எப்படி இழுக்கும் என்று லயத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். நல்ல மனிதர்தான், ஆனால் நல்ல மனிதர்களும் கப்பலேறி இருக்கிறார்கள்.

தை முதல் நாள். பொங்கல் பானையை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்தால் ஆளைக் காணோம். பொழுது சாயும்போது தொடை வரை சேற்றோடு வந்து நின்றார்.

"வானம் தோண்ட ஆரம்பிச்சிட்டேன்" என்றார்.

வானம் என்பது சுவர் எழுப்புவதற்காக நாலு பக்கமும் தோண்டுகிற பள்ளம். தோட்டத்து எல்லைக்கு வெளியே, கம்பம் என்கிற மலாய்க்காரர் கிராமத்தின் ஓரத்தில் ஒரு துண்டு நிலம் இருந்தது. கம்பத்துத் தலைவரைக் கேட்டுக்கொண்டு அதில் அவர் மரவள்ளியும் கீரையும் போட்டிருந்தார். அங்கே குடியிருந்துகொள்ளவும் தலைவர் சரி என்று சொல்லிவிட்டாராம். மண்சுவர் வைத்து, கூரைக்கு நாணல் போட்டு, ஒரு மாதத்தில் வீடு எழுப்பிவிடுவதாகத் திட்டம். அவருடைய ஊரில் வீடு என்றால் அப்படித்தான். முதலில் பூமியைத் தோண்ட வேண்டும். மண்ணுக்குள் கால் ஊன்றாதது அவர் கணக்கில் வீடே இல்லை.

மறுநாள் நானும் கூடப் போனேன். இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தேன். நூல் பிடித்தாற்போல் நாலு பக்கமும் கச்சிதமாகத் தோண்டியிருந்தார். முழங்கால் ஆழம். நாலு பக்கமும் தண்ணீர். காப்பித் தூளை வடிகட்டின மாதிரி கருப்புத் தண்ணீர். மழையே இல்லை, அதற்கு முந்தின நாலைந்து நாட்களாக ஆகாயம் வெளிறிக் கிடந்தது. அவர் வாளியை எடுத்து இறைக்க ஆரம்பித்தார். வெயில் ஏறுவதற்குள் அடித்தரை தெரிந்தது. சோறு தின்றுவிட்டு வந்து பார்த்தால் மறுபடி முழங்கால் தண்ணீர்.

அடுத்த நாளும் இறைத்தார். அதற்கடுத்த நாளும். நான் மரவள்ளிச் செடி ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்போது ஒன்று கவனித்தேன். ஆற்றில் தண்ணீர் ஏறும்போது பள்ளத்திலும் ஏறியது. ஆறு வற்றும்போது பள்ளத்திலும் ஒரு சாண் கீழே இறங்கியது. ஆற்றுக்கும் பள்ளத்துக்கும் நடுவில் ஒரு தோப்பே இருக்கிறது, ஓடையோ வாய்க்காலோ கிடையாது. எங்கேயோ இருக்கிற கடல் ஆற்றுக்குள் வந்து, மண்ணுக்கு அடியில் நடந்து, என் வீட்டு அஸ்திவாரத்துக்குள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்துப்போயிற்று. பிறந்ததிலிருந்து அந்த மண்ணின் மேல் நடக்கிறேன், அடியில் இப்படி ஒரு போக்குவரத்து இருப்பது தெரியாது.

"ஏங்க, விடுங்க. அது கடலு. உங்க வாளிக்கு அடங்காது" என்றேன்.

அவர் கேட்கவில்லை. இறைத்தார். பிடிவாதத்தில் எங்கள் குடும்பத்தில் நான்தான் பெரிய ஆள் என்று அதுவரை எண்ணியிருந்தேன்.

அந்தக் கூத்தைப் பார்த்துக்கொண்டிருந்த இன்னொரு ஆள் உண்டு. தோப்புக்கு அந்தப் பக்கம், ஆற்றங்கரையில், மரக்கால்களின் மேல் நின்ற ஒரு பலகை வீட்டில் ஒரு மலாய் அம்மாள் தனியாக இருந்தார். கணவர் இறந்துவிட்டார், மகள் மூவார் என்கிற ஊரில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். நான் அவரை மக்சிக் என்று கூப்பிடுவேன். நம் பக்கம் சின்னம்மா என்கிற மாதிரி. ஒரு நாள் மதியம் வெற்றிலையை மென்றுகொண்டு எங்களிடம் வந்தார். பள்ளத்தைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார், என் வீட்டுக்காரரைப் பார்த்தார்.

"உன் புருஷன் மீன் வளர்க்கப் போகிறானா?" என்று மலாயில் கேட்டார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அழுகைதான் முந்திக்கொண்டது. லாரி, கப்பல், கொட்டகை எல்லாவற்றையும் என் அரைகுறை மலாயில் கொட்டித் தீர்த்தேன். அவர் வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு, வா என்று என்னை அழைத்துக்கொண்டு போனார்.

அவருடைய வீட்டை அதுவரை தூரத்திலிருந்துதான் பார்த்திருந்தேன். ஆள் உயரத்துக்கு மரக்கால்கள். ஏறிப் போக மரப்படி. உள்ளே ஒரு பெரிய அறை, முன்னால் காற்று வரும் கூடம். சுவர்ப் பலகையின் மேல்பக்கம் பூவும் கொடியுமாகக் குடைந்திருந்தது, வெளிச்சம் அதன் வழியாகப் பொட்டுப் பொட்டாகத் தரையில் விழுந்தது. ஓர் ஆணி கிடையாது. எல்லாம் மரத்துக்குள் மரம் செருகி, முளை அடித்து நின்றது. நான் விரலால் தடவிப் பார்த்தேன், இணைப்பு எங்கே என்று நகத்துக்குக்கூடத் தட்டுப்படவில்லை. எங்கள் லயத்து அறையில் மழை பெய்தால் பாயைச் சுருட்டிக்கொண்டு மூலை மூலையாக ஓடுவோம். நான் அங்கே நின்று மேலே பார்த்தேன், கூரையில் ஒரு பொத்தல் இல்லை.

பக்கவாட்டுக் கதவைத் திறந்து காட்டினார். அங்கே சமையல்கட்டு இருந்திருக்க வேண்டும். இல்லை. வளைவில் ஆறு அந்தப் பக்கத்துக் கரையைத் தின்றுகொண்டு வந்ததில், போன மழைக்காலத்தில் அது சரிந்து போய்விட்டது. அடுத்த மழைக்கு இந்த வீடும் போய்விடும் என்றார். அவர் மகளோடு இருக்கப் போகிறார். பலகையை விறகுக்குக் கேட்டு வந்தவர்களை விரட்டி அடித்திருக்கிறார்.

"என் கணவர் கையால் செதுக்கியது. யாராவது உள்ளே சமைத்து, பிள்ளை பெற்று இருந்தால் சரி. நீ எடுத்துக்கொள்" என்றார்.

சும்மா வாங்கிக்கொள்ள எனக்கு மனம் ஒப்பவில்லை. எங்களிடம் இருந்த பசுவையும் கன்றையும் ஓட்டிப் போகச் சொன்னேன். மகளுக்குப் பால் ஆகும் என்று ஒத்துக்கொண்டார். அதற்கப்புறம்தான் எனக்குப் புத்தி வந்தது. இந்த வீட்டைக் கழற்றினால் திரும்பப் பூட்டத் தெரிந்தவர் போய்ச் சேர்ந்துவிட்டார். மாசி பிறக்க இன்னும் மூன்று வாரம்தான். எப்படி எடுத்துப் போவது என்று கேட்டேன்.

"ஏன் கழற்ற வேண்டும்? தூக்கிக்கொண்டு வருவார்கள்" என்றார்.

கேலி செய்கிறார் என்று நினைத்தேன். மரியாதைக்குச் சிரித்தும் வைத்தேன்.

கேலி இல்லை. மறுநாள் கம்பத்துத் தலைவரே வந்தார். மெலிந்த மனிதர், தோளில் துண்டு. நிலத்தைச் சுற்றி வந்து, பள்ளத்தின் விளிம்பில் நின்று தலையில் கை வைத்துக்கொண்டார். வீட்டைத் தூக்கி வருகிறவர்களுக்குக் கால் வைக்கும் இடம் கண்ணுக்குத் தெரியாது, ஒருவர் இந்தப் பள்ளத்தில் இடறினால் வீடு அத்தனை பேர் மேலும் சாயும், இதை மூடினால்தான் ஆளைக் கூப்பிடுவேன் என்றார். இந்த வீட்டுக்கு வானம் வேண்டாம். கால் மரங்களுக்கு அடியில் வைக்கத் தட்டைக் கற்கள் போதும். வீடு அதன்மேல் சும்மா உட்கார்ந்துகொள்ளும்.

மூட வேண்டும் என்றதும் என் வீட்டுக்காரர் முகம் இறுகிவிட்டது. இரண்டு நாள் முறைத்துக்கொண்டே மண் தள்ளினார். லயத்திலிருந்து இன்னும் சிலர் வந்து கை கொடுத்தார்கள். தோண்டின மண் ஈரத்தில் கரைந்து பாதியாகிவிட்டது, தென்னை மட்டையும் வாழைத் தண்டும் போட்டு மிதித்தோம். மூன்று பக்கம் மூடியாயிற்று. வடகிழக்கு மூலைக்கு வந்தபோது என்னைத் தடுத்தார்.

"அந்த மூலய நான் பாத்துக்கிறேன். நீ போ."

"ஏன், அங்க மட்டும் என்ன? புதையலா வெச்சிருக்கீங்க?"

"போ புள்ள."

எனக்கு வந்ததே கோபம். "ஒரு பள்ளத்த வெட்டி கடல உள்ள விட்டீங்க. இப்ப மூடவும் விட மாட்டேங்கறீங்க. வீடு வரணுமா வேணாமா? இல்ல, வரக் கூடாதுன்னுதான் பாக்கறீங்களா? ஊருக்குப் போவணும்னு ஆசையிருந்தா வாயத் தொறந்து சொல்லுங்க" என்று லயத்து ஆட்கள் முன்னாலேயே கத்திவிட்டேன்.

அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். பிறகு தரையைப் பார்த்துச் சொன்னார்: "வானம் தோண்டுனா ஈசானி மூலைல கொஞ்சம் பொன்னு வைக்கணும். எங்கிட்ட வேற என்ன இருக்கு."

அப்போதுதான் அவர் காதைப் பார்த்தேன். வெறும் காது. சின்ன வயதில் அவருடைய அப்பா காது குத்திப் போட்டுவிட்ட கடுக்கன்கள் அவை. கப்பலில் வந்தபோது அந்த ஊரிலிருந்து அவர் கொண்டுவந்த ஒரே சொத்து. எத்தனையோ கஷ்டத்திலும் அடகுக்கடைப் பக்கம் போகாதவை. தை முதல் நாள் காலையில், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், கழற்றி நவதானியத்தோடு அந்தக் கருப்புச் சேற்றில் வைத்துவிட்டிருக்கிறார். அந்த மனிதர் அன்றைக்கே இங்கே இருந்துவிட முடிவு செய்திருக்கிறார், நான் பத்து நாளாக அவரைக் கப்பலேற்றிக்கொண்டிருந்தேன். கிட்டப் போய், கையால் மண்ணை அள்ளி அந்த மூலையில் போட்டேன். அவரும் போட்டார். இரண்டு பேரும் சேர்ந்து மிதித்து இறுக்கினோம்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. கம்பத்து ஆண்கள் வந்து நிபோங் என்கிற பனை வகை மரங்களை வெட்டி, நீளவாட்டிலும் குறுக்குவாட்டிலும் வீட்டுக் கால்களோடு சேர்த்துப் பிரம்பால் கட்டினார்கள். கட்டி முடித்தபோது வீட்டுக்கு அடியில் பெரிய கட்டங்களாக ஒரு சட்டம் நின்றது; ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஆட்கள் புகுந்து, தோள் கொடுத்துத் தூக்க வேண்டும். இங்கே எங்கள் நிலத்தில் செம்புறாங்கற்களை வரிசையாகப் பதித்தார்கள். எல்லாப் பக்கமும் ஒரே இடைவெளி. வழியில் இருந்தவர்கள் தாங்களாகவே தங்கள் வாழையை வெட்டிச் சாய்த்து, வேலியைப் பிடுங்கிப் பாதை விட்டார்கள். நாங்கள் யாரையும் போய்க் கேட்கவில்லை. கேட்கவும் எங்களுக்கு என்ன உரிமை? கூலி உண்டா என்று ஒருவரும் வாயெடுக்கவில்லை. சாப்பாடு போட்டால் போதும் என்று மக்சிக் சொன்னார்.

அரிசியும் தேங்காயும் பூசணியும் சேர்த்து வைத்தேன். முந்தின நாள் மாலை மலாய்ப் பெண்கள் தங்கள் பானைகளோடு வந்து இறங்கினார்கள். என் பெரிய சட்டியை எடுத்து நீட்டினேன், மெதுவாக ஒதுக்கி வைத்துவிட்டார்கள். எனக்குச் சுருக்கென்றது. இங்கேயுமா என்று நினைத்து முகத்தைத் தூக்கிக்கொண்டு ஒரு பக்கம் போய் உட்கார்ந்தேன். மக்சிக் பின்னாலேயே வந்தார். உன் சட்டியில் என்னென்ன வெந்திருக்கும், எங்கள் மார்க்கத்தில் அது ஆகாது, சட்டிக்குத்தான் விலக்கு, உனக்கு இல்லை என்று விளக்கினார். பிறகு கத்தியையும் பூசணியையும் என் மடியில் வைத்து, பெரிய பெரிய துண்டாக நறுக்கு என்றார். நறுக்கினேன். நான் நறுக்கியதைத்தான் அடுத்த நாள் அத்தனை பேரும் தின்றார்கள். அந்த ஊர் அண்ணன் பார்த்திருக்க வேண்டும்.

விடிந்ததும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கம்பத்து மலாய்க்காரர்கள், ஆற்றுக்கு அக்கரையிலிருந்து ஜாவாக்காரர்கள், பெயர் வாசிக்கப்பட்டு லாரிக்குக் காத்திருந்த எங்கள் லயத்து ஆட்கள். தங்களுக்கு இருக்க இடமில்லாதவர்கள் என் வீட்டைத் தூக்க வந்திருந்தார்கள். சாலையோரத்துச் சீனக் கடைக்காரர் கடையைச் சாத்திவிட்டு, ஒரு தகரத் தோம்பு நிறையத் தேநீரோடு வந்து, அதை இறக்கி வைத்துவிட்டுத் தானும் சட்டையைக் கழற்றினார். என் வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு அடியில் போனார். அப்புறம் அவரைக் கண்ணால் காண முடியவில்லை. அடியில் வெறும் முதுகுகளும் கால்களும்தான்.

எண்ணெய் தடவி, குளித்து, கை நிறைய வளையலோடு நான் எங்கள் நிலத்தில் நின்றேன். கர்ப்பிணி கிட்டே வரக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். தோப்புக்கு அப்பால் வீட்டின் கூரை தெரிந்தது.

கம்பத்துத் தலைவர் குரல் கேட்டது. "சாத்து, டுவா, தீகா." ஒன்று, இரண்டு, மூன்று. பிறகு அத்தனை பேரும் ஒரே குரலில்: "அங்காட்." தூக்கு.

கூரை அசைந்தது. ஓலையில் இருந்த காக்கை எழுந்து பறந்தது. கூரை ஒரு முழம் உயர்ந்து, அப்படியே நின்றது. மரம் ஆடிப் பார்த்திருக்கிறேன், வெள்ளத்தில் ஆடு மாடு மிதந்து பார்த்திருக்கிறேன். வீடு என்பது இருக்கிற இடத்தில் இருப்பது. அது நகரத் தொடங்கியபோது, உலகத்தில் இனி எது வேண்டுமானாலும் நடக்கலாம் என்று பட்டது.

தென்னை மரங்களுக்கு நடுவில் அது வந்தது. முதலில் கூரை, பிறகு பூ குடைந்த பலகை, பிறகு திறந்து கிடந்த சன்னல். அடியில் நூற்றுக்கணக்கான கால்கள், ஒரே தாளத்தில். யாரோ உடுக்கை போல ஒரு தகரத்தைத் தட்டிக்கொண்டு வந்தார்கள், அதற்குத் தக்கபடி எல்லாக் கால்களும் விழுந்தன. கொஞ்ச தூரத்துக்கு ஒரு முறை நிறுத்தி, முட்டுக் கொடுத்து இளைப்பாறி, மறுபடி தூக்கினார்கள். மலாயிலும் ஜாவா மொழியிலும் தமிழிலும் சீனர்களின் ஹொக்கியனிலும் மூச்சு வாங்கும் சத்தம் ஒன்றாகத்தான் இருந்தது. நான் கும்பிட்டுக்கொண்டு நின்றேன் என்று பிற்பாடு சொன்னார்கள். எனக்கு அது தெரியாது. தேர் வருகிறபோது கை தானாகக் குவிகிற மாதிரி குவிந்திருக்க வேண்டும்.

மூடின பள்ளத்தின் மேல் கால்கள் ஏறின. வாழைத் தண்டு நெரிபடும் சத்தம் கேட்டது, வீடு லேசாகச் சாய்ந்து நிமிர்ந்தது. மண் தாங்கியது. கற்களுக்கு நேராக வீடு வந்து நின்றது.

அது ஆற்றைப் பார்த்த வீடு. தூக்கி வந்தபடியே வைத்தால் வாசல் மேற்குப் பக்கம் வரும். தலைவர் அதைப் பார்த்துவிட்டுக் கையைத் தூக்கினார். இறக்காமல் எல்லாரும் நின்றார்கள். அவர் குனிந்து, வீட்டுக்கு அடியில் இருந்த என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டார். வாசல் எந்தப் பக்கம்? இப்படியே வைக்கலாமா, திருப்ப வேண்டுமா?

அடியிலிருந்து பதில் வந்தது. அவருடைய குரல், பாரத்தில் நசுங்கி, அரைகுறை மலாயில்: "டியா பூன்யா ரூமா. டியாவைக் கேளுங்க." வீடு அவளுடையது, அவளைக் கேளுங்கள்.

தலைவர் நிமிர்ந்து என் பக்கம் திரும்பினார். வாசல் எந்தப் பக்கம் வேண்டும் என்று என்னைக் கேட்டார்.

என் வாய் எழவில்லை. ஊர் முழுக்க என் நாக்குக்குப் பயப்படும். அன்று அது எங்கே போயிற்றோ தெரியவில்லை. பிறந்ததிலிருந்து யாரும் என்னை எந்தப் பக்கம் என்று கேட்டதில்லை. எந்த லயம், எந்த அறை, எந்த நிரை மரம் என்று எல்லாம் மற்றவர்கள் எனக்குச் சொல்லித்தான் பழக்கம். கடல் தாண்டி ஒருவர் என்னை எந்த மூலையில் கட்டுவது என்றுகூட முடிவு செய்திருந்தார். இங்கே ஒரு வீடு நூற்றுக்கணக்கான தோள்களில் என் வார்த்தைக்காக நிற்கிறது. புஜங்கள் நடுங்குவதும், வியர்வை மண்ணில் சொட்டுவதும் எனக்குத் தெரிகிறது. பேசாமல் இப்படியே வைத்துவிடுங்கள் என்று சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அவர்களுடைய கழுத்து நரம்புகளைப் பார்த்துப் பாவமாக இருந்தது.

ஆனால் எங்கள் லயத்து அறை மேற்குப் பார்த்தது. காலை வெயில் அதற்குள் ஒரு நாளும் வந்ததில்லை. நான் கையை நீட்டிக் கிழக்கைக் காட்டினேன்.

"பூசிங்" என்றார் தலைவர். திருப்புங்கள். ஒருவரும் முணுமுணுக்கவில்லை. ஒரு மூலை ஆட்கள் அப்படியே நின்று தாங்க, மற்றவர்கள் அடி அடியாகச் சுற்றினார்கள். வீடு திரும்பியது. மரப்படி இருக்க வேண்டிய இடம், திறந்த வாசல், உள்ளே இருட்டு, எல்லாம் மெல்ல மெல்ல என் முகத்துக்கு நேராக வந்து நின்றது. பிறகு கால்கள் ஒவ்வொன்றாகக் கல்லில் உட்காரும் சத்தம். அப்புறம் ஒரு பெரிய பெருமூச்சு, அத்தனை பேருடையதும்.

மக்சிக் படியைத் தூக்கி வந்து வாசலில் சாத்தினார். என் வீட்டுக்காரர் அடியிலிருந்து ஊர்ந்து வெளியே வந்தார். தோளில் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. முகமெல்லாம் மண். என்னைப் பார்த்து, "வாசல் சரியா இருக்கா?" என்று கேட்டார்.

"சரியா இருக்கு" என்றேன். பிறகு படியேறி என் வீட்டுக்குள் போனேன்.